பதினொன்று

எதில்மிராவின் முழங்கால் படத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர்
தாளில் ஓர் எண்ணை எழுதி வட்டமிட்டார்.
பதினொன்று.
அத்தனை கிலோ இறங்கினால்தான் கத்தியைத் தொடுவாராம்.

வால்பரைசோவில்
மாலைத் தேநீருக்கும் பதினொன்று என்றுதான் பெயர்.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
ஆறு மணிக்கு உட்கார்வதைப் பதினொன்று என்பார்கள்,
சுடு ரொட்டி, மசித்த அவகாடோ,
எதிர்வீட்டுச் சங்கதி எல்லாம் சேர்த்து.
பசி வந்தால் பத்தும் பறக்கும்.
பறக்கட்டும்,
அவளுக்குப் பத்து போதாது.

குன்றின் அடியில், சுழற்கதவருகே,
பத்தொன்பது வருஷமாகச் சில்லறை வாங்குகிறாள்.
ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள்,
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
எடை எப்படி வேலை செய்கிறதென்று
அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் சொல்கிறார்கள்.
முதலில் தண்ணீர் குடி என்கிறாள் மேல்நிலையத்து ஓதிலியா.
இருபது முறை மெல் என்கிறது
சத்துணவு ஆலோசகர் தந்த தாள்.
குளிர்பெட்டிக் கதவில் அதைக்
காந்த மீன் ஒன்று கவ்விக்கொண்டிருக்கிறது.
கணவன் ஒனோஃப்ரே எதுவும் சொல்வதில்லை.
ரொட்டியைச் சலவை இயந்திரத்துக்குள் ஒளித்துவைக்கிறான்,
இரவில் கொல்லையில் நின்று தின்கிறான்.
அன்புதான்.
ஆனால் மொறுமொறுப்புக்கு ஏது கதவு?
போர்வைக்குள் கிடந்தபடி
ஒவ்வொரு கடியையும் எண்ணுகிறாள்,
சுழற்கதவைத் தாண்டுகிற தலைகளைப்போல.

காலைப் பசிக்குக் கூச்சம் அதிகம்,
ஒரு முட்டைக்கு அடங்கிவிடும்.
மதியப் பசி பருப்புச் சூப்புக்கு மசியும்.
ஐந்தே முக்காலுக்கு வருமே, அதுதான்
டிக்கெட் எடுக்காமல் கதவைத் தாண்டிக் குதிக்கும்.
வயிற்றில்கூட இல்லை,
காதுக்குக் கீழே, தாடையில் வந்து நிற்கும்.
சில நாள் கூர்ந்து பார்த்தால் அது பசியே இல்லை,
கால் கடுப்பு.
சில நாள் வீட்டு வாடகை.

ஜூலைக் குளிரில் ஒரு நாள்
வேலை முடிந்து மேலே போகும் கடைசிப் பெட்டியில்
அவளும், பல்தசார் என்ற சிறுவனும்,
அவன் மடியில் இரண்டு கிலோ ரொட்டியும்.
பாதி ஏற்றத்தில் மின்சாரம் போனது.
இருட்டில், கைநீட்டினால் தொடும் தூரத்தில்,
இறங்கிவந்த வெற்றுப் பெட்டியும் நின்றது.
கீழே துறைமுகம் அணைந்துவிட்டது,
கப்பல்களில் மட்டும் சொந்த வெளிச்சம்.
பெட்டி முழுக்க ரொட்டியின் மூச்சு.

"வேணுமா சென்யோரா?"
வேண்டாம்.
கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்கவே இல்லை,
அதற்கும் வேண்டாம் என்றாள்.
தாடை வலித்தது. எச்சிலை விழுங்கினாள்,
அதற்கும் ருசி இருந்தது.
திருடலாமா என்றுகூட ஒரு கணம்,
குழந்தைதானே, இருட்டுதானே.

பிறகு பையன் தன் பள்ளிக்கூடத்துப் பூனையைப் பற்றிப்
பேச ஆரம்பித்தான். நீளமான கதை.
பூனை குட்டி போடும் இடத்தில்தான் கவனித்தாள்,
பசியைக் காணோம்.
எங்கே இறங்கியது?
நடுவழியில் நிலையமே இல்லையே.

விளக்கு வந்ததும்,
நாலு பங்காகப் பிளந்திருக்கும் அந்த ரொட்டியில்
ஒரு பங்கைக் கேட்டு வாங்கினாள்.
பசித்து அல்ல,
இன்னும் சூடாக இருந்தது, அதனால்.
எத்தனை முறை மென்றாள் என்று எண்ண மறந்துபோனாள்.
அவனிடம் காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை எடை பார்த்தார்கள்.
முந்நூறு கிராம் குறைவு.
"நல்லது, இந்த வாரம் புதிதாக என்ன செய்தீர்கள்?"
"கரண்ட் போச்சு" என்றாள்.
எந்தக் கட்டத்தில் அதை எழுதுவதென்று தெரியாமல்
ஆலோசகர்
பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.